உப்புக்கூடத்தின் உள்ளுறை வெப்பம்

சுவரில் தண்ணீர் வழிவதை முதலில் கண்டுபிடித்தவர்கள் குழந்தைகள்தான். காலையில் எழுந்ததும் உள்ளங்கையால் சுவரைத் தடவி, அந்த ஈரத்தை ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிச் சிரித்தார்கள். அதைப் பார்த்துப் பெண்களும் முந்தானையைச் சுவரில் ஒற்றிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மாதா இரங்கிவிட்டாள் என்று ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். சண்முகவடிவு மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

பழையதுறையின் உப்புக்கூடத்தை வடிவமைத்தவள் அவள்தான். கடலோரத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை காய்வதற்கு வழியில்லை. அப்படிப்பட்ட நாளில் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆள்கூடச் சாயங்காலத்துக்குள் சுருண்டு விழுந்துவிடுவான். வடிவு படித்த காலத்தில் இதைப் பாடப்புத்தகத்தில் ஓர் அபூர்வம் போல எழுதியிருந்தார்கள். இப்போது ஒவ்வொரு கோடையிலும் கடற்கரையில் ஏதாவது ஓர் ஊர் அதில் மாட்டிக்கொண்டது. அந்த நாட்களில் மின்சாரமும் இருக்காது. எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடினால் மின்கம்பி தாங்காது.

அதனால் மின்சாரம் இல்லாமல் குளிரும் ஒரு கூடத்தை அவள் கட்டினாள். சுவர்களுக்குள் அடுக்கடுக்காகப் பைகள். அவற்றில் இருந்தது சமையல் உப்பு அல்ல, இருபத்தொன்பது டிகிரியில் உருகுகிற வேறொரு உப்பு. பகலில் அது கூடத்தின் சூட்டை வாங்கி மெல்ல உருகும். இரவில் மொட்டைமாடிக் காற்றில் ஆறிய தண்ணீரைச் சுவருக்குள் இருக்கும் குழாய்களில் ஓடவிட்டால் மறுபடி உறையும். அதற்கு ஒரு சின்ன பம்பும் கொஞ்சம் டீசலும் போதும். அறுநூறு பேருக்குக் கட்டிய கூடம் அது. இப்போது புழுக்கத்துக்குத் தப்பி வந்து அதற்குள் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். முந்தைய இரவு காற்று ஆறவேயில்லை. விடிய விடிய பம்பு ஓடியும் உப்பு உறையவில்லை.

வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு திரை, சுவரின் வெப்பநிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. 29. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வடிவு பின்பக்க இயந்திர அறைக்குள் போனாள். அங்கே ஆளுயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. உப்பு உருகும்போது சற்றுப் பொங்கும். அதற்கேற்றாற்போல் குழாயில் சிவப்புத் திரவம் ஏறும். எவ்வளவு உருகியிருக்கிறது என்று அறிய வேறு வழி கிடையாது. திரவம் அவள் நெஞ்சளவுக்கு மேல் நின்றது. இந்த நேரத்துக்கு முழங்காலைக்கூடத் தொட்டிருக்கக் கூடாது.

கூடத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த வட்டாட்சியர் தேவசகாயத்தை அவள் அழைத்து வந்து அதைக் காட்டினாள். இரண்டு நாளாகத் தூங்காத மனிதர். குழாயையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுவரு இருபத்தொம்பதுன்னுல்லா காட்டுது. நேத்தும் அதே, இன்னைக்கும் அதே. பெறவு எதுக்கு இப்படிப் பதறுதிய?"

"அதான் சார் சங்கடமே. உப்பு உருகிட்டு இருக்க வரைக்கும் அது ஏறவே ஏறாது. உள்ள போற சூடெல்லாம் உருக்குததுக்கே செலவாயிரும், வெளிய காட்டாது. கால்வாசி உருகுனாலும் இருபத்தொம்பது, கடைசிக் கட்டி கரையுத வரைக்கும் இருபத்தொம்பதுதான். அது கரைஞ்ச பெறவுதான் ஏறும். ஏற ஆரம்பிச்சா நிறுத்த முடியாது."

"சுவத்துல தண்ணி வழியுதே, அது குளிர்ச்சி இல்லையா?"

"அது காத்துல இருந்த ஆவி சார். நம்ம ஆளுக விடுத மூச்சு, வேர்வை, கதவைத் திறக்கும்போது உள்ள வாற புழுக்கம். ஆவி தண்ணியாகணும்னா தங்கிட்ட உள்ள சூட்டை எங்கயாவது இறக்கி வைக்கணும். நம்ம சுவத்துல இறக்கி வைக்குது. சுவத்துல ஒரு குடம் தண்ணி வழிஞ்சா, உள்ள பன்னெண்டு குடத்து எடைக்கு உப்பு உருகிட்டுன்னு அர்த்தம். இவ்வளவு பேரு வருவாவன்னும், கதவு இத்தனை தடவை திறக்கும்னும் நான் கணக்குல வைக்கல."

தேவசகாயம் குழாயில் சிவப்பு நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். உப்பு எப்போது முழுக்க உருகி முடியும் என்று கேட்டார். மத்தியானம் தாண்டாது என்றாள். ஒவ்வொரு உடம்பும் நூறு வாட் பல்பு அளவுக்குச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. சுவர் அதை வாங்குவதை நிறுத்திவிட்டால், கதவைச் சாத்திய அறைக்குள் ஆயிரம் பல்பு எரிவது போல ஆகிவிடும். வெளியே இருப்பதைவிட உள்ளே மோசமாகும். வெளியே போனாலும் பிழைப்பில்லை. இதையெல்லாம் அவள் தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்கும்படி ஒப்பித்தாள்.

தேவைப்பட்டது ஐஸ். ஒரு பார், அதாவது ஒரு பாளம் ஐஸ் உருகினால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட எடையுள்ள உப்பை மறுபடி உறைய வைக்கலாம். தண்ணீர்த் தொட்டியில் ஐஸைப் போட்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீரைச் சுவர்க் குழாய்களில் ஓடவிட்டால் போதும். மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. மின்சாரம் போய் இரண்டு நாளாகியும், தடித்த சுவருள்ள அதன் அறையில் ஐஸ் இன்னும் மிச்சமிருந்தது. தேவசகாயத்துக்கு அது தெரியும். தெரிந்தும் அவர் அதைச் சொல்லத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது.

ஆஸ்பத்திரிப் பிணவறை முதல் நாளே நிரம்பிவிட்டது. அதன்பிறகு செத்தவர்களை, இருபதுக்கும் மேற்பட்டவர்களை, அந்த ஐஸ் மேல்தான் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்தும் கடலிலிருந்தும் வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக.

இருவரும் ஜீப்பில் துறைமுகத்துக்குப் போனார்கள். தெருவில் நாய்கூட இல்லை. ஐஸ் கம்பெனியைப் பார்த்துக்கொண்டவர் இன்னாசி, ஐம்பது வயது தாண்டிய ஒற்றை நாடி ஆள். அறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வடிவு கேட்டதைப் பொறுமையாகக் கேட்டார். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விடலாமா என்றாள். இருக்கிறதே கொஞ்சம், பாதியை எடுத்தால் மீதியும் ராத்திரிக்குள் தண்ணியாகிவிடும், எடுத்தால் எல்லாரையும் இன்றைக்கே அடக்கம் பண்ணியாக வேண்டும் என்றார். அரசாங்க உத்தரவு என்று தேவசகாயம் ஆரம்பித்ததும் இன்னாசி எழுந்து நின்றார்.

"உத்தரவு இருக்கட்டும் சார். உள்ள கிடக்கவுகளுக்கு ஊர்ல உள்ள சொந்தக்காரவுக பூரா உங்க கூடத்துலதான் இருக்காவ. அவுக வந்து சரின்னு சொல்லட்டும், நானே தூக்கி வண்டியில ஏத்துதேன். சொல்லாம ஒரு பார் வெளிய போவாது."

திரும்பும் வழியில் தேவசகாயம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். போலீஸை வைத்து எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றார். வீட்டாரிடம் அனுமதி கேட்டால் சுவர் முடியப்போகிறது என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் கதவுக்கு ஓடினால் மிதிபட்டே பாதிப்பேர் போய்விடுவார்கள். வடிவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பயந்து ஓடுகிற உடம்பு, சும்மா இருக்கிற உடம்பைவிட நாலைந்து மடங்கு சூட்டைக் கக்கும். அந்தக் கணக்கையும் அவள் போட்டுவிட்டிருந்தாள். ஆனால் அந்தத் திரையை அங்கே மாட்டியவள் அவள். அதை நம்பித் தூங்குகிறவர்கள் வீட்டுப் பிணங்களுக்கு அடியிலிருந்து களவாக ஐஸ் எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"கேட்டுருவோம் சார்," என்றாள். "ஓடுனா ஓடட்டும்."

இறந்தவர்களின் வீட்டார் கூடத்தின் வடக்கு மூலையில் ஒன்றாக ஒண்டியிருந்தார்கள். வடிவு அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்தாள். மறைக்காமல் சொன்னாள். சுவருக்குள் என்ன இருக்கிறது, அது எந்த அளவுக்குத் தீர்ந்துவிட்டது, அந்தத் திரை ஏன் அதைக் காட்டாது, என்ன தேவை, அது எங்கே இருக்கிறது. ஒருவன் எழுந்து அவளை அடிப்பது போலக் கையை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒரு கிழவர், தன் மகன் நாளைக்கு மும்பையிலிருந்து வந்துவிடுவான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேச்சு மெல்ல மற்ற மூலைகளுக்கும் பரவியது. ஆனால் யாரும் கதவை நோக்கி ஓடவில்லை. சுவரில் ஈரம் ஒற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் பேசியவள் அமலி. முப்பது வயதிருக்கும். அவளுடைய ஒரே மகள் ஜெனோவா, ஒன்பது வயது, முதல் நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும் வழியில் விழுந்தவள். கணவன் கயத்தான் விசைப்படகில் ஆழ்கடலில் இருந்தான். வயர்லெஸ்ஸில் தகவல் சொன்னபோது, நான் வந்து முகத்தைப் பார்க்காமல் மண் போட்டுவிடாதீர்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அணைத்துவிட்டானாம். படகு எப்போது கரை சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஐஸை எடுத்துட்டா எம்பிள்ள எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று அமலி கேட்டாள்.

வடிவுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஜீப்பில் வரும்போதே அதையும் அவள் கணக்குப் போட்டிருந்தாள். தெரிந்திருப்பதே கேவலமாக இருந்தது.

"பொழுது சாயுத வரைக்கும்கூடத் தாங்காது," என்றாள்.

அமலி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பெண் ஈரத்துணியால் கைக்குழந்தையின் தலையை மூடி வைத்திருந்தாள். அமலி அந்தக் குழந்தையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தான் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மும்பையிலிருந்து மகன் வரவேண்டிய கிழவர் கடைசியாக எழுந்தார். அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

இன்னாசி சொன்னபடியே தானே தூக்கிக் கொடுத்தார். ஜெனோவாவைத் தூக்க அவர் யாரையும் விடவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து அமலியின் மடியில் வைத்தார். சிறுமியின் தலைமுடியில் ஐஸ் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அமலி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். லாரியில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெயிலில் அது ஒழுகுவதைப் பார்த்து, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்த வேண்டியவள் வடிவுதான். கத்தினாள். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஜெபம் சொன்னார். குழிவெட்டுகிறவர்களில் ஒருவர் மயங்கி விழுந்ததால் மிச்சத்தைப் போலீஸ்காரர்கள் வெட்டினார்கள்.

ஐஸ் தொட்டிக்குள் இறங்கியது. பம்பு ஓடியது. கண்ணாடிக் குழாயில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. வடிவு அது நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

அந்த மத்தியானம் உப்புக்கூடத்தில் இருந்ததைப் போன்ற அமைதியை அவள் அதற்குமுன் எங்கும் கண்டதில்லை. யாரும் நடமாடவில்லை. குழந்தைகளைக்கூடப் படுக்க வைத்துவிட்டார்கள். தண்ணீருக்காகக் கதவைத் திறக்க வேண்டியபோது, நாலு பேர் பாயை மறைப்பாகப் பிடித்துக் குறுகலாகத் திறந்து உடனே சாத்தினார்கள். சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். வெளியே வேப்பமரத்திலிருந்து காக்கைகள் செத்து விழுந்துகொண்டிருந்தபோது, உள்ளே ஆயிரம் பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி கிடந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வடிவு குழாயைப் பார்த்தாள். கோட்டிலிருந்து சிவப்பு கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அளவு தப்போ என்று தட்டிப் பார்த்தாள். இல்லை. மனசுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டாள். அசையாமல் கிடந்த உடம்புகள் அவள் நினைத்ததில் முக்கால் பங்கு சூட்டைத்தான் விட்டிருந்தன. திறக்காத கதவு வழியே புழுக்கம் வரவில்லை; சுவர் காய்ந்திருந்தது. மீண்டும் ஒருமுறை போட்டாள். இப்போது உறைந்து மிச்சமிருந்த உப்பு, அந்த ஐஸ் உறைய வைத்த உப்பைவிட அதிகம். அதாவது ஐஸே வராமல் இருந்திருந்தாலும் இந்நேரம் வரை சுவர் நின்றிருக்கும். அவர்களிடம் உண்மையைச் சொன்னதே போதுமாயிருந்தது. எடுத்திருக்க வேண்டியதில்லை.

தேவசகாயம் எட்டிப் பார்த்து, நல்லவேளை எடுத்தோம், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வடிவு தலையசைத்தாள்.

அப்போதுதான் படகு வந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

கயத்தான் துறைமுகத்திலிருந்து நேராகக் கூடத்துக்கு வந்தான். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. வரும் வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவன் எதையும் புதிதாகக் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே அமலி அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். வடிவு எட்டி நிற்கத்தான் நினைத்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டான்.

"நீங்கதான் அந்தக் கணக்குப் போட்டவுகளா?"

"ஆமா."

"படகுல ஏழு டன் ஐஸ் இருக்கு," என்றான். "மீனைப் பூரா கடல்ல தட்டிட்டேன். மூடியைத் திறந்தா கரைஞ்சிரும்னு வழியில ஒருதரமும் திறக்கல. கம்பெனியில கரண்டு இல்லன்னு வயர்லெஸ்ல சொன்னாவ. பிள்ளைக்கு வேணுமேன்னுதான்..."

அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. அமலி தலையை நிமிர்த்தினாள். அவள் கேட்கப்போவது என்ன என்று அவள் வாய் திறப்பதற்கு முன்பே வடிவுக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், நான் காலையில மாட்டேன்னு சொல்லியிருந்தா? இவுக வாற வரைக்கும் சுவரு நின்னிருக்குமா?"

உள்ளே யாரோ ஒரு குழந்தை இருமியது. கயத்தானும் வடிவையே பார்த்தான். கணக்குக்கு ஒரே பதில்தான் இருந்தது. இருவருக்கும் அதைக் கேட்க உரிமை இருந்தது. காலையில் ஆயிரம் பேர் இருந்த கூடத்தில் உண்மையைச் சொல்ல முடிந்தவளால் இப்போது இரண்டு பேரிடம் சொல்ல முடியவில்லை.

"நின்னிருக்காது," என்றாள்.

"நெசமாவா?"

"மத்தியானத்தோட முடிஞ்சிருக்கும். யாரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க."

அமலி மூச்சை விட்டாள். அவள் முகம் தளர்ந்தது. "பாத்தியளா," என்று கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். கயத்தான் தலையை ஆட்டினான். அப்படியானால் படகில் உள்ளதையும் எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் வெயில் உண்டே என்றான். ஒரே ஒரு பார் மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டான்.

அந்த ஒரு பாரைச் சாக்கில் சுற்றி, கயத்தான் ஒரு பக்கமும் வடிவு மறுபக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். அவனாகத்தான் ஒரு கை பிடிங்க என்றான். வேறு யாராவது வரட்டும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கல்லறைத் தோட்டம் தொலைவில்லை. விரல்கள் மரத்துப் போயின. தண்ணீர் அவள் புடவையெல்லாம் நனைத்தது. அன்று போட்ட மேடுகள் வரிசையாக இருந்தன, எல்லாம் ஒரே மாதிரி. அமலி முன்னால் நடந்து போய் ஒன்றின் அருகே நின்றாள்.

பாரை மேட்டின் மேல் நீளவாக்கில் வைத்தார்கள். கயத்தான் சாக்கை உருவினான். குனிந்து ஒரு கை மண் எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஐஸின் ஓரமாகப் போட்டான். அமலி ஐஸின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மணல் கறுத்து, கறுப்பு நாலு பக்கமும் பரவிக்கொண்டிருந்தது.

தொட்டிப் பக்கமிருந்து வடிவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். படகு ஐஸ் வந்து சேர்ந்துவிட்டது, பம்பைப் போட அவள் வேண்டும். அவள் போகத் தயங்குவதைப் பார்த்து, கயத்தான் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான்.

"நீங்க போங்க. இது உருகி முடியட்டும். பெறவு நாங்களும் வந்து தூக்குதோம்."